பதினைந்து கிராம்

ஸ்ட்ரைக்கர் பதினைந்து கிராமைத் தாண்டக் கூடாது.
அது ஆட்டத்தின் சட்டம்.
அரைக் கிலோவுக்குக் கீழே எதுவானாலும் அரைக் கிலோதான்.
அது கூரியர்காரன் சட்டம்.
மீதி நானூற்று எண்பத்தைந்து கிராமுக்கு
கொருக்குப்பேட்டைக் காற்றை
பெல்ஜியத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன்
முதல் நாலு மாதம், என் செலவில்.

ஸ்வீட் கடைக்கு அட்டை மடிக்கிற லூர்துராஜ்
கால் கிலோ மைசூர்பாக் அளவில் ஒரு டப்பா வெட்டித் தந்தார்.
அதற்குள் ஆறு ஸ்ட்ரைக்கர். ஆடாது.

போரிக் பவுடரை இலவசமாக வைத்ததும் நான்தான்.
வெள்ளைப் பொடி. ஜிப் கவர். மேலே பேர் எழுதவில்லை.
பதினோரு நாள் ஏதோ ஒரு விமான நிலையத்தில்
அதை மோந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.
என்ன விற்கிறாய் என்று கேட்ட குரலுக்கு
போனிலேயே ரீபவுண்ட் அடித்துக் காட்டினேன்.

என் வீட்டுக்காரர் பாக்கியநாதன் ட்ரெய்லர் ஓட்டுகிறார்.
நாற்பதடிப் பெட்டியை முதுகில் வைத்துக்கொண்டு
எண்ணூர் சாலையில் ராத்திரி முழுக்க நிற்பார்.
உள்ளே என்ன என்று இதுவரை கேட்டதில்லை.
சீல் இருக்கிறது, சீட்டு இருக்கிறது,
கேட் திறந்தால் போக வேண்டும்.
இருபது டன்.
இங்கே நான்
என் பதினைந்து கிராம் விளையாட்டுச் சாமானா பொம்மையா,
எந்த எண்ணில் சேரும் என்று
விடிய விடியத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

வெளிநாட்டுக்கு விற்றால் இங்கே வரி பூஜ்ஜியம்.
தம்புச் செட்டித் தெரு மூணாவது மாடியில்
தமயந்தி மேடம் சொன்னதும் இனித்தது.
பிறகு அவரே சொன்னார்:
"பூஜ்ஜியம்னா சும்மா இருக்கலாம்னு இல்ல.
பூஜ்ஜியத்தை எழுதணும். மாசா மாசம் எழுதணும்.
வரி கட்டாம அனுப்புறேன்னு வருஷத்துக்கு ஒரு தடவ
உறுதி எழுதிக் குடுக்கணும்.
காசு வந்ததுக்கு பேங்க்ல சீட்டு வாங்கணும்.
அந்த ஊர் வரி உன்னுது இல்ல.
ஆனா உன் தலையிலதான் விடியும்."

விடிந்தது. ஆன்ட்வெர்ப்பிலிருந்து நிமலரூபன்:
"அக்கா, பெட்டி வாசலுக்கு வந்திட்டுது.
இருபத்தொரு யூரோ கட்டச் சொல்லினம்.
சாமானே பதினாலு தானே.
நான் எடுக்கேல்லை. கோவிக்காதேங்கோ."

கோபம் இல்லை.
'ஷிப்பிங் இலவசம்' என்று பெரிதாகப் போட்டிருந்தேன்.
வாசலில் நிற்கப்போகிற வரியைப் பற்றி
ஒரு எழுத்தும் போடவில்லை.

மாதம் ஒரு ரிட்டர்ன் நான் போடுகிறேன்.
இந்த ரிட்டர்ன் தானாக வந்தது.
வருவதற்கு ஆயிரத்து எண்ணூறு ரூபாய்.
வந்தபின், போனது இதுதான் என்று நிரூபிக்காவிட்டால்
என் பொருளுக்கு என் ஊரிலேயே சுங்கம்.

நிமலரூபனே ஒரு வழி சொன்னார்.
அவர் வீட்டு நிலவறையில் நூறு ஸ்ட்ரைக்கர் கிடக்கட்டும்,
கேட்கிறவர்களுக்கு சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பார்.
எனக்கு அழுகையே வந்துவிட்டது.
மேடம் தலையாட்டினார்:
"சரக்கு தூங்குற ஊர்ல வரி முழிச்சுக்கும்.
அங்கயும் உன் பேரைப் பதியணும்."
நிலவறை வேண்டாம் என்று எழுத
எனக்கு இரண்டு நாள் ஆனது.

இப்போது விலையில் எல்லாம் அடக்கம்.
பதினாலு யூரோ இருபத்தொன்பது ஆனது.
ஒன்பது நாள் ஒருவரும் வாங்கவில்லை.
பத்தாம் நாள் லியோனிலிருந்து ஒரு பெண். மூன்று ஸ்ட்ரைக்கர்.
பெயரை வாசிக்க வரவில்லை,
எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதினேன்.

தபால் ஆபீஸில் படிவம்.
சேராவிட்டால் என்ன செய்வது? இரண்டு கட்டம்.
திருப்பி அனுப்பு.
கைவிட்டதாகக் கொள்.

வெளியே ஒரு ட்ரெய்லர் ஹாரன் அடித்துக்கொண்டே நிற்கிறது.
அவர் வண்டியாகவும் இருக்கலாம்.
"ரெண்டுல ஒண்ணு டிக் பண்ணும்மா,
பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க."
பேனா எழுதவில்லை.
பக்கத்தில் நின்றவரிடம் கடன் கேட்டேன்.