சனிக்கிழமைப் பூக்கள்

வெர்னா ஹால்வர்சனின் டேலியாக்கள்
பள்ளி உணவகக் குளிர்பெட்டியில்
பால் பாக்கெட்டுகளுக்குப் பின்னால் நிற்கும்,
சனிக்கிழமை வரை.

மற்ற நாளெல்லாம்
முப்பது பிள்ளைகள், முப்பது ஆப்பிள்கள்.
எல்லாவற்றிலும் காம்பு நட்டநடுவில்.
"தெரிந்ததை வரையாதே,
தெரிவதை வரை."
தொண்டையெல்லாம் சாக்பீஸ் தூள்.

டுலூத்தில் உறைபனி முந்திக்கொள்ளும்.
வாரத்துக்கு ஒரு பூதான் முடிகிறது.
முதல் பூ குப்பைக்குப் போன பின்தான்
மூன்றாவது மொட்டே அவிழ்ந்தது.
ஜாடி விளிம்பில் ஊர்வது
செப்டம்பர் எறும்பு;
உதிர்ந்து கிடக்கும் இதழ் அக்டோபருடையது.

நூலகத்தில் மாட்டிய அன்று
பழைய மாணவன் கர்ட், இப்போது பிளம்பர்,
மூக்கு உரசப் பார்த்துவிட்டுச் சொன்னான்:
"அப்படியே இருக்கே, டீச்சர்!"

இந்தக் கொத்து
ஒரு நாளும் ஒரு ஜாடியில் நின்றதில்லை.

கோட்டுப் பைக்குள்
நகத்திடுக்குச் சிவப்பைச் சுரண்டிக்கொண்டே
"ம்" என்றாள்.