வரட்டுங்களா

சங்ககிரி பைபாஸில் எடைமேடை.
எட்டுக்கு ஆறு அறை, தூசி தின்ற கணினி,
அதில் நான் எழுதிய நிரல்.
பத்து நாளாய்ப் புகார்:
ராத்திரி ஏறும் லோடு
காலைக் கணக்கில் காணோம்.

வையாபுரி ஸ்டூலை என் பக்கம் தள்ளினார்.
'உக்காருங்க அம்மிணி.
இதை எழுதுனது நீங்கதானுங்களா?'
குரலில் குற்றச்சாட்டு இல்லை.
அதனால்தான் கூசியது.

வெளியே வரிசை.
மக்காச்சோளம், கிளிங்கர், கோழித்தீவனம்,
முட்டை அட்டை ஏற்றின ஒரு குட்டி யானை.
ஒரு மேடை. ஒரு சமயம் ஒரு வண்டி.
என் வாசலிலும் இப்படித்தான் நிற்கின்றன:
சுட்டி அசைந்தது, விசை அழுந்தியது,
சாளரம் அகலம் மாறியது,
மேலே கிடந்த இன்னொன்று விலகியது, திரும்ப வரை.
எடுத்து, பார்த்து, அனுப்பி,
அடுத்ததை எடுத்து.
கண் அசருவதென்றால்
வரிசை காலியாக இருக்கும்போதுதான்.

பதினொன்றே காலுக்கு ஒரு டிரைவர்
வண்டியை மேடைமேலேயே விட்டுவிட்டு டீக்குப் போனார்.
பின்னால் பதினேழு ஹாரன்.
எஞ்சின்கள் எல்லாம் உயிரோடுதான் இருந்தன;
ரோட்டிலிருந்து பார்ப்பவனுக்கு
எடைமேடை செத்துக் கிடந்தது.
நான் தலையைக் குனிந்துகொண்டேன்.
போன மாசம் பிரிண்டருக்காகக் காத்திருக்கும் ஒரு வரியை
நானும் இப்படித்தான் நடுமேடையில் நிறுத்தியிருந்தேன்.
திரை வெளுத்துப்போய்
'பதிலளிக்கவில்லை' என்று
தன் நெற்றியில் தானே எழுதிக்கொண்டது.

ரெண்டு மணிக்குப் பிடிபட்டது.
வண்டி இறங்கியதும் வையாபுரி
தூசிக்குப் பயந்து கண்ணாடி ஜன்னலைச் சாத்துகிறார்.
அதே கையோடு திரையில்
சிவப்புப் பெருக்கல் குறி.
'நிச்சயமாக மூடவா?'
படிக்காமலே 'ஆமாம்'.
சேமிக்காத இருபது டன்
ஆமாமோடு போகிறது.

'ஏனுங்க அதை மூடறீங்க?'
'வண்டிதான் போயிருச்சில்லீங்க.
அப்புறம் ஜன்னல் எதுக்குத் தொறந்து கெடக்கோணும்?'

சரிதானே.

அந்தக் குறியை அழுத்தினால் சாளரம் சாவதில்லை.
'போகட்டுமா' என்று ஒரு சேதி வருகிறது, அவ்வளவுதான்.
வேண்டாம் என்று நிறுத்தி வைக்கலாம்.
நாம் வாய் திறக்காவிட்டால்தான் அடுத்தது வரும்:
அழிந்தது.
அது கேள்வி இல்லை.
இத்தனை வருஷம் இரண்டையும்
ஒரே இழவு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன்.

கிளிங்கர் லாரிக்காரர் சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் செருகினார்.
'வரட்டுங்களா?'
'வாங்க,' என்றார் வையாபுரி,
திரையைப் பார்த்தபடியே.
அப்புறம்தான் கியர் விழுந்தது.

மூன்று மணிக்குள் கேள்விப் பெட்டியைத் தூக்கிவிட்டேன்.
குறி அழுந்தினால் எடையை எழுது.
சாளரத்தை மறை, அழிக்காதே.
மேடையில் இருநூறு கிலோவுக்கு மேல் ஏறினால்
நீயாக வந்து நில்.

அவர் ஜன்னலைச் சாத்தினார், திரையையும் சாத்தினார்.
தீவன லாரி ஏறியது.
சாளரம் எழுந்து நின்றது.
'அட, ஒறம்பரையாட்டம்
சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்குதுங்க!'
இன்னொரு முறை மூடிப் பார்த்தார்.
அடுத்த வண்டிக்கு விளக்கைப் போட்டுவிட்டு
எனக்கு ஒரு வர்க்கி நீட்டினார்.

நாலு மணி வாக்கில் கரண்டு போனது.
யூபிஎஸ் பேட்டரி ஆறு மாசமாய் உப்பிக் கிடக்கிறது.
எந்தச் சேதியும் என்னிடம் வரவில்லை,
மூடு என்றோ, அழிந்தது என்றோ.
பகல் ஷிப்ட் ரகுபதியும் இப்படித்தானாம்;
திருப்பூரில் இருப்பதாகக் கேள்வி.
அவர் செருப்பு மேசைக்கடியில்.
உள்நுழையும் பட்டியலில் அவர் பேர்.
எடுக்கச் சொல்லியிருந்தார் முதலாளி.
எடுக்கவில்லை நான்.

இண்டிகேட்டருக்கு மட்டும் தனி பேட்டரி.
இருட்டில் சிவப்பாக 24,860.
வையாபுரி டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு
பழைய நோட்டில் எழுதுகிறார்:
வண்டி எண், எடை, நேரம்.
பக்கம் அசையாமலிருக்க
ஓரத்தை நான் பிடித்துக்கொள்கிறேன்.