பிடித்தல்

நவம்பர். மஸாக்கா.
மழை விட்ட இரவு.
பீப்பாய்க்குள் தகரத்தைச் சாய்த்து நிறுத்தி
நானூறு வாட் விளக்கை ஏற்றினால் போதும்,
சடசடவென்று மோதி
வழுக்கி விழும் வெட்டுக்கிளிகள்.
கண் எரியும்.
விடிந்தும் எரியும்.

ராட்டர்டாமிலிருந்து வந்தவர்
பீப்பாய்க்குள் எட்டிப் பார்த்து
"எதிர்காலம்" என்றார்.
எங்கள் கடைத்தெருவில் அது
கோப்பை இரண்டாயிரம் ஷில்லிங்,
வெங்காயம் போட்டு வறுத்தால்
மேலே ஐந்நூறு.

அவர் ஊரில் இதற்குச் சண்டையாம்.
மாட்டை விட்டுப் பூச்சிக்கு மாறு, பூமி பிழைக்கும்
என்கிறது ஒரு கூட்டம்.
எங்கள் தட்டைத் தொடாதே என்று
பதாகை தூக்குகிறது இன்னொன்று.
இரண்டு கூட்டமும் இன்னும் சாப்பிட்டுப் பார்க்கவில்லையாம்.

கைபேசியை நீட்டிப் பிடித்துக்கொண்டு
தைரியமாக ஒன்றை வாயில் போட்டார்.
சிறகு பிய்க்காமல்.
நகாயிசா சிரித்த சிரிப்பில்
முறத்திலிருந்து கால்களெல்லாம் பறந்தன.

"நீங்களும்?"
வேண்டாம் என்றேன்.
அவர் முகத்தில் ஒரு நிம்மதி.
"உங்களுக்குமா! வாடையா? அந்தக் கண்களா?"

குலம் என்றேன்.
நாங்கள் ந்செனேனே.
வெட்டுக்கிளியின் பெயரைச் சுமப்பவர்கள்.
அண்ணன் தம்பியைத் தின்பார்களா?

மொழிபெயர்த்த பையன் எங்கோ தடுமாறினான்.
அவர் தாளில் குறித்துக்கொண்டார்.
ஐம்பத்தேழாம் கேள்வி: பிடிக்காது.

பிடிக்காதா?
இருபத்திரண்டு வருடமாய்
இரவெல்லாம் பிடிக்கிறேன்.

மூட்டையின் வாயைக் கட்டும்போது மட்டும்
முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.
அதற்கு அவர் தாளில்
கட்டம் இல்லை.