ஆயிரத்து ஐம்பது டிகிரி

மான்செஸ்டரில் ஏறி
ஒரே விமானத்தில் வந்திறங்கினோம்,
யோகதர்ஷனும் நானும்.
அவன் பெட்டி நிறைந்துபோனதால்
குளிர்ச்சட்டை இரண்டு
என் பெட்டியில்தான் வந்தன.
பட்டம் ஒன்று. ஆய்வேடும் ஒன்று,
இரண்டு பெயர் போட்டு.
மதிப்பெண்ணில் மட்டும் நான் நான்கு கூட.
அதை அவன் அம்மாவிடம்
அவனேதான் சொன்னான், சிரித்துக்கொண்டு.

பாயான் லெப்பாசில் அந்தத் தொழிற்சாலை
இருவரையும் ஒரே வியாழக்கிழமை கூப்பிட்டது.
அவனுக்குப் பத்தரை. எனக்குப் பதினொன்றே கால்.
பட்டர்வொர்த்தில் ஃபெர்ரி ஏறி
அக்கரையில் பஸ் பிடித்து
ஒன்றாகவே போனோம்.

உள்ளே போய் வந்தவன்
கட்டைவிரலை உயர்த்தினான்.
மணிக்கட்டுத் தழும்பு என்னவென்று கேட்டார்களாம்.
உலைக் கதவு சுட்டது என்றதும்
கையால் வேலை செய்தவன் என்று
மேசையே மகிழ்ந்துபோனதாம்.
அதே உலை. அதே கதவு.
எனக்கும் இருக்கிறது, இடது கையில்,
அவனுடையதைவிட ஒரு விரல் நீளம்.
காலையில் புறப்படும்போது அத்தை
அகலமான வளையலாகப் பார்த்து
அதன்மேல் போட்டுவிட்டிருந்தாள்.

என்னிடம் உலையைப் பற்றி
யாரும் எதுவும் கேட்கவில்லை.
இரவு ஷிஃப்ட் உண்டே,
கடல் தாண்டிப் போய்வர வேண்டுமே,
வீட்டில் என்ன சொல்வார்கள் என்றார் ஒருவர்.
நல்ல மனிதர்.
ஏசியைக் குறைக்கவா என்றும் கேட்டார்.
மனிதவளத்திலிருந்து வந்திருந்த பெண்
பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினாள்.
அவள் விரலில்
மோதிரம் இருந்த தடம் மட்டும் இருந்தது.

எல்லாம் ஆங்கிலத்தில்.
வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லும்போதுதான்
வாய் தடுக்கியது.
அவனிடம் அவர்கள் சொன்ன 'வீ':
திங்கள்கிழமை நாம் தொடங்கலாம்.
என்னிடம் சொன்ன 'வீ':
நாங்கள் கூப்பிடுகிறோம்.
ஒரே சொல்லுக்குள் எங்கள் இருவரையும்
பக்கத்தில் பக்கத்தில்
உட்காரவைத்திருந்தார்கள்.
தமிழ் அதற்குச் சம்மதிக்காது.
யார் உள்ளே, யார் வெளியே என்று சொல்லாமல்
வாக்கியத்தை முடிக்க விடாது.
மலாயும் விடாது. கித்தா வேறு, காமி வேறு.

ஏழு மாதம் ஆகிறது.
காலையில் விண்ணப்பங்கள்.
சாயங்காலம் படிவம் ஐந்து பிள்ளைகளுக்குக்
கூடுதல் கணிதம், தலைக்கு எண்பது வெள்ளி.
இடையில்,
வீட்டில் சும்மா இருக்கிறவர் செய்யவேண்டிய
எல்லாமும்:
கேஸ்காரன், அப்பாவின் கிளினிக், பில்கள்.
உலோகம் படித்தவள்தானே என்று
கசிகிற குழாயையும் என்னிடமே விட்டார்கள்.
அடைத்துவிட்டேன். இன்னும் சொட்டவில்லை.

நேற்று இரவு பத்து மணிக்கு அழைத்தான்.
பின்னால் இயந்திர இரைச்சல்.
"வேஃபர் எல்லாம் விரிசல் விடுது வருணிகா.
அன்னிக்கு நாம எத்தனை டிகிரி வெச்சோம்?"
நாம.
அந்தச் சொல்லைக் காதில் கேட்டு
எவ்வளவு நாளாகிறது!
குறிப்பேட்டைத் திறக்கவே இல்லை.
"ஆயிரத்து ஐம்பது" என்றேன்.
"தேங்க்ஸ். இனி நாங்க பாத்துக்கிறோம்."

எவ்வளவு மெதுவாகக் குளிரவிட வேண்டும் என்று
அவன் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.
நிமிஷத்துக்கு இரண்டு டிகிரி.
ஓர் இரவு முழுக்க ஆகும்.
அந்த இரவுகளில் அவன்
அறைக்குப் போய்த் தூங்கிவிடுவான்.