முத்துப்பேச்சியின் குழந்தை – 2

பெயர் இன்னும் வைக்கவில்லை.
டப்பாவில் ஒட்டிய சீட்டில்
'முட்டு பெச்சி, பேபி 2' என்று
காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார் வார்டு கிளார்க்.
எடை எண்ணூற்றுத் தொண்ணூறு கிராம்.
உள்ளே மிளகளவு மலம்.

அதைக் கரைத்து, தட்டில் இழுத்து,
முப்பத்தைந்து டிகிரியில் மூடிவைப்பேன்.
இரண்டு நாள் கழித்து எண்ணுவேன்.
பச்சையாக எழும்பினால் கேண்டிடா.
தெரியாதவர் பார்த்தால் அழகென்பார்.

இருபத்தெட்டு வாரத்தில் வெளியே வந்த குடலுக்கு
இன்னும் கதவு மாட்டவில்லை.
வாசலில் குடியேறியது
எந்த ராத்திரியும் ரத்தத்துக்குள் போய்விடும்.

முதல் வாரம் இருநூற்றுப் பதினாறு.
இரண்டாம் வாரம் எண்ண முடியவில்லை.
'மிக அதிகம்' என்று எழுதினேன்.

'பேபி 1' என்ற சீட்டு
போன செவ்வாய்க்குப் பிறகு லேபுக்கு வரவில்லை.
கேட்கக் கூடாதென்று விதி ஒன்றும் இல்லை.
நான் கேட்கவில்லை.

ஆய்வில் இரண்டு வகைப் பொட்டலம்.
ஒன்றில் நல்ல கிருமிகள். மற்றதில் வெறும் மாவு.
எது எதுவென்று எனக்குத் தெரியாது,
நர்ஸ் லிசம்மாவுக்கும் தெரியாது,
டாக்டர் சப்னிஸுக்கும்.
தெரிந்த ஒருவர் புனேயில்
உறையை ஒட்டிப் பூட்டி வைத்திருக்கிறார்.

லிஃப்டில் என் பேட்ஜைப் படித்துவிட்டு
தமிழில் பிடித்துக்கொண்டாள் முத்துப்பேச்சி.
"அண்ணே, என் பால்ல கலக்குறாங்களே,
அது என்ன பொடி?"
அவள் பிழிந்து தருவதே மூன்று மில்லி.
கையெழுத்துப் போட்டது நீதானே என்று
சொல்ல வாய் வரவில்லை.
"நல்லதுக்குத்தாம்மா."
மூன்றாம் மாடி வரும்வரை
என் சாப்பாட்டுப் பையையே பார்த்தாள்,
பதில் அதற்குள் இருப்பதுபோல.

நாலரை மணிக்கு
சயான் பின்சந்து பேக்கரியின் வாசம்
ஜன்னல் இடுக்கில் நுழையும்.
அங்கேயும் ஈஸ்ட்தான். இதற்குத் தூரத்துப் பங்காளி.
ராவெல்லாம் பொங்கி, விடிந்தால் பாவ்.
தட்டும் கையுமாக நிற்கையில் எனக்குப் பசிக்கும்.
பசிப்பது கொஞ்சம் வெட்கமாக இருக்கும்.

இன்று இரண்டின் தட்டைத் திறந்தேன்.
பதினொன்று.
பேனா முனையால் ஒவ்வொன்றையும் தொட்டு
மறுபடி எண்ணினேன்.
பதினொன்று.
பொடியா, பாலா, ஊசி மருந்தா,
இல்லை, சும்மா ஒரு வாரம்
அவன் வளர்ந்ததாலா?
படிவத்தில் எண்ணுக்குத்தான் கட்டம் இருக்கிறது.

ஷிஃப்ட் முடிந்து ஒரு லாதி பாவ் வாங்கினேன்.
சூடு காகிதம் தாண்டிக் கையில் இறங்கியது.
அவன் எடைக்கு மூன்று லாதியாவது வேண்டும்.
கடைக்காரர் "பஸ்?" என்றார்.
சில்லறையை எண்ணிக் கொடுத்தேன், இரண்டு தடவை.