உத்தேசத் திகதி

"சந்தோஷம்தானே?"
கேட்டுவிட்டுப் பேனையை உதறுகிறா றிஸ்மியா மிஸ்.
அட்டையில் அதற்கொரு கட்டமில்லை.
நிறை இருக்கிறது. உயரம், குருதி வகை,
கடைசி மாதவிடாய்,
அதற்குக் கீழே உத்தேசத் திகதி:
ஒக்டோபர் பத்தொன்பது.

பழகிய சொல்.
துறைமுகக் கந்தோரில் பதினொரு வருஷமாய்
நான் எழுதுவதும் அதுதான்.
கப்பலின் பெயர், கொடி, சரக்கு,
தண்ணீருக்குள் எத்தனை மீற்றர் தாழும்,
உத்தேசத் திகதி.
கோதுமைக் கப்பல் ஒன்றும் சொன்ன நாளில் வந்ததில்லை.
முந்தாநாள் விடிய, தகவல் எதுவுமின்றி
ஒன்று வந்து நின்றது வாசலில்,
விளக்கெல்லாம் எரிய.
அழகாய்த்தான் இருந்தது.
யாரைக் கேட்டு வந்தாய் என்றும் இருந்தது.

குணரூபன் உப்புவெளியில்
திமிங்கிலம் காட்டப் படகு விடுகிறவன்.
"குட்டி போட்ட தாய் கிட்ட வர விடாது,
சுத்திச் சுத்தி நிக்கும்" என்கிறான்,
வயிற்றில் காதை வைத்துக்கொண்டு.
எனக்குத் திமிங்கிலமாக விருப்பமில்லை.
மச்சாள் தொலைபேசியில் பூ என்கிறாள்.
பூவுக்கு யாரும் காலையில்
வாந்தியெடுக்க வாளி நீட்டுவதில்லை.

நானாகச் சொல்வதென்றால்
கன்னியாக் கிணறுகளைச் சொல்வேன்.
ஒன்றில் வாளி வாளியாய் அள்ளி வார்க்கலாம்,
அடுத்ததில் விரல் வைத்தால் இழுத்துக்கொள்ள வேணும்.
நடுவே ஒரு சாண் கட்டு.
அடியில் ஒரே நிலம், ஒரே நெருப்பு.
இல்லை,
அதுவும் சரியில்லை.
கிணறுகள் ஒன்றோடொன்று கலப்பதில்லை.

பையில் இரண்டு கடதாசி.
ஓகஸ்ட் முழுக்கக் கொழும்பில் பயிற்சி,
பெயர் தெரிவாகியிருக்கிறது என்று ஒன்று;
ஆறு வருஷம் விண்ணப்பித்து வந்தது.
மற்றது ஸ்கான் படம்.
வெக்கைக்கு இரண்டும் ஒட்டிக்கொண்டு
பிரிக்கையில் கடிதத்தின் ஓரம்
படத்தில் கொஞ்சம் தங்கிவிட்டது.

பஸ் நிலையத்தில் ஒரு பெண்மான்
முகர்ந்துகொண்டே கிட்ட வந்தது.
இந்த ஊர் மான்கள் எதையும் தின்னும்:
லொத்தர் சீட்டு, சொப்பிங் பை, மரண அறிவித்தல்.
யாருக்கும் சொல்லாதது இது:
பையின் வாயைத் திறந்து பிடித்தேன்,
எதை எடுத்தாலும் எடுக்கட்டும் என்று.
அது வடை சுற்றிய தாளை மட்டும் இழுத்துக்கொண்டு போய்
மதகடியில் நின்று மென்றது.
எனக்குக் கால் நடுங்கியது.
இரண்டு கடதாசியையும் நெஞ்சோடு அமத்திக்கொண்டு
நிலாவெளி பஸ்ஸில் ஏறினேன்.

மே மாசம். இரவு வேலை.
உள்துறைமுகம் எண்ணெய் தடவியதுபோல் கிடக்கிறது.
றேடியோவில் யாரோ உடைந்த ஆங்கிலத்தில்
உள்ளே வரலாமா என்று கேட்கிறான்.
வழக்கமான பதிலைச் சொல்கிறேன்:
பொறுத்திருங்கள்.
அப்போதுதான்,
இறங்குதுறை ரயரில் வள்ளம் முட்டுவதுபோல்
தொப்புளுக்குக் கீழே
ஒருதரம்.
பிறகு ஒன்றுமில்லை.
பிறகு இன்னொருதரம்.

பழக்கத்தில் கை பதிவேட்டை இழுத்து
நேரத்தை எழுதிவிட்டது: 02.40.
பெயர், கொடி, சரக்கு எல்லாம் வெறும் கட்டங்கள்.
வெட்டத்தான் வேணும்,
விடிந்தால் மேலதிகாரி பார்ப்பார்.
அடிமட்டத்தை வரியின் மேல் வைத்தபடி
அடுத்த முட்டலுக்குக் காத்திருக்கிறேன்.