புறமுதுகு

ஞாயிறு, விடிய இன்னும் நேரமிருக்கிறது.
அக்கரையில் மூடிய பெட்ரோல் பங்க் விளக்கடியில்
பதினாலு சைக்கிள்கள்.
கையெழுத்துப் போட்ட தாளில்
என்ன நடந்தாலும் நானே பொறுப்பு என்றிருந்தது.
படிக்காமல் போட்டேன்.
ரத்த வகை கேட்ட கட்டத்தில் மட்டும்
பேனா கொஞ்சம் நின்றது.

பரிசு ஆயிரத்தைநூறு ரூபாய், ஒரு டயர்.
அதுவும் முதலில் வருகிறவருக்கு.
சைக்கிளின் விலையை
வீட்டில் பாதியாகத்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.

கிளம்பினோம்.
கானாத்தூர் நாய்கள்
வழக்கமான தூரம் துரத்திவிட்டு
வழக்கமான கம்பத்தடியில் நின்றுகொண்டன.
வெள்ளையடிக்காத வேகத்தடை ஒன்றை
முன்னால் போனவன் கத்திச் சொன்னான்.
கத்தல் வந்து சேர்வதற்குள்
அதன்மேல் இருந்தேன்.

ஊரெல்லாம் கடற்கரைக்குக் காற்று வாங்கப் போகும்.
நாங்களும் வாங்குகிறோம்,
ஆளுக்கு ஒரு நிமிடம், முறை வைத்து,
ஒருவர் மொத்தமாக வாங்கிக்கொள்ள
மற்றவர்கள் அவர் பின்னால்
காற்றே இல்லாத சின்ன அறையில் ஒண்டிக்கொள்கிறோம்.
அந்த அறைக்குச் சுவர் ஒன்றுதான்:
ஒரு முதுகு.

எபனேசரின் முகத்தைக் கேட்டால் யோசித்துத்தான் சொல்வேன்.
ராயப்பேட்டையில் பல் கட்டும் கடை வைத்திருக்கிறான், அவ்வளவு தெரியும்.
முதுகைக் கேளுங்கள்.
எழுந்து மிதிப்பதற்கு முன்
இடது தோள் ஒரு விரற்கடை இறங்கும்.
சட்டைப் பையில் எப்போதும் இரண்டு கற்பூரவள்ளி.
ஒன்று எனக்கு.

முதுகு காட்டுவது இழுக்கு என்று
பள்ளியில் படித்தேன்.
அங்கே புண் பட்டால்
வடக்கு பார்த்து உட்கார்ந்து உயிரை விடுவார்களாம்.
இங்கே, மணிக்கு முப்பத்தெட்டில்,
காட்டுவதற்கு வேறென்ன இருக்கிறது?

முட்டுக்காடு பாலத்தில்
உப்பங்கழியிலிருந்து காற்று வலப்பக்கமாக இடித்தது.
வரிசை சாய்ந்து, நெளிந்து,
மறுபடி ஒன்றானது.
வானம் வெளுக்க ஆரம்பித்தபோது
பதினாலு பேரும் ஒரே மூச்சாக விட்டுக்கொண்டிருந்தோம்.
சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நாலு நிமிடம்
யாருக்கும் நான் கடன்காரன் இல்லை.

திருவிடந்தை தாண்டி
மீன் வண்டி சிந்திய ஐஸ் தண்ணீர்.
நான் கடலைப் பார்த்தேன்.
ஒரு கண்ணிமைப்பு.
என் முன்சக்கரம் எபனேசரின் பின்சக்கரத்தைத் தொட்டது.
ஒரு நகம் கிழியும் சத்தம்தான் கேட்டது.

என்மேல் சாலை தேய்ந்தது, தொடையில் ஒரு உள்ளங்கை அளவு.
என் முதுகை நம்பி வந்தவள் ஷாஹிதா.
அவளுக்கு நான் சுவர்.
சுவர் விழுந்தால் என்ன ஆகுமோ அது ஆனது:
காறை எலும்பு, இரண்டு துண்டு.

கேளம்பாக்கம் போகும் ஆட்டோவில்
ஓட்டுநர் கண்ணாடி வழியாகக் கேட்டார்,
"ரேஸாம்மா? ஜெயிச்சா எவ்ளோ தருவாங்க?"
சொன்னாள்.
"அதுக்காடா இவ்ளோ ரத்தம்!"
தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்,
சிரித்ததால் வலித்தது,
வலித்ததால் இன்னும் சிரித்தாள்.
நான் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை அலுவலகத்தில்
மாடிப்படியில் விழுந்ததாகச் சொன்னேன்.
அவள் மெட்ரோ கவுன்ட்டரில்
ஏழு வாரம் இடது கையால் சில்லறை கொடுத்தாள்.
ஒருமுறை போய் வரிசையில் நின்றேன்.
என் முறை வருவதற்குள்
வேறு வரிசைக்கு மாறிக்கொண்டேன்.

எபனேசர் திட்டவில்லை.
அடுத்த ஞாயிறும் இரண்டு பழம் கொண்டுவந்தான்.
அது திட்டியதைவிட மோசம்.

மூன்று மாதம் கழித்து
அதே பங்க், அதே விளக்கு.
அவள் வந்தாள்.
சட்டைக்கு அடியில்
தகடும் ஆறு திருகாணியும்.
என்னைப் பார்க்கவில்லை, பேசவில்லை.
பத்துப் பேர் முதுகு இருந்தது அங்கே,
என்னுடையதைவிட அகலமானவை, நிதானமானவை.

உத்தண்டி தாண்டியதும்
பின்னால் ஒரு சங்கிலியின் சத்தம் நெருங்கி,
ஒரு முழத்தில் நிலைத்தது.

"கடல் எங்கயும் போவாது," என்றாள்.
"ரோட்டப் பாரு."